விற்று வேறிடத்தில் வாங்குவது: வாடகை வீடுகளின் கணக்கு

சென்னையில் மேற்கு மாம்பலம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற இடங்களில் மிச்சமிருக்கும் போர்ஷன் வீடுகளின் வருட வாடகையை அந்த வீட்டு மனையின் இன்றைய விலையால் வகுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு சதவீதத்தைச் சுற்றித்தான் விடை வரும். வங்கி வைப்புத்தொகை ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு தருகிறது. இந்தக் கணக்கைப் போட்ட அன்றே வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை பிடித்துக்கொள்ளும்: இங்கே இருப்பதை விற்றுவிட்டு, மனை விலை குறைவாகவும் வாடகை நிதானமாகவும் வருகிற இடத்துக்கு மாறிவிட்டால் என்ன? கோவை சரவணம்பட்டி, ஓ.எம்.ஆர். பக்கம் நாவலூர், சிறுசேரி என்று பெயர்கள் வரிசையாக வரும். தரகரும் வருவார்.

யோசனையில் தப்பில்லை. ஆனால் வாடகைச் சொத்து தன் மதிப்பைக் குறைத்துக்கொள்ளாமல் ஊர் மாறுவதில்லை. எவ்வளவு குறைகிறது என்பதை யாரும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பதில்லை. வருமான வரி ஆடிட்டரிடம் ஒரு கணக்கு, பத்திரச் செலவு ஆவண எழுத்தரிடம் ஒரு கணக்கு, வாடகை தரகர் வாயில் ஒரு கணக்கு. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் தெரிவது இதுதான்: நம் சட்டம் தரும் வரிச் சலுகை ஒரு பக்கம் இழுக்கிறது, வாடகை அதற்கு நேர் எதிர்ப்பக்கம் இழுக்கிறது.

கணக்குக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். மேற்கு மாம்பலத்தில் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. கீழே இரண்டு, மாடியில் இரண்டு என நாலு போர்ஷன். நாலுக்கும் தனித்தனி மின் மீட்டர், பொதுவில் ஒரு போர், ஒரு சம்ப், மோட்டார் போடுவதில் தினசரி ஒரு வாக்குவாதம். போர்ஷனுக்கு மாதம் 9,000 ரூபாய், வருடத்துக்கு 4,32,000. விற்றால் 2 கோடி. ஆக வாடகை வருவாய் 2.16 சதவீதம். தொகைகள் நான் வைத்துக்கொண்டவை. தெருவுக்குத் தெரு மாறும், விகிதம் அவ்வளவாக மாறாது.

அந்த 2 கோடி எதற்குக் கிடைக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வாங்க வருகிறவர் மாடிப்படி ஏறிப் பார்ப்பதுகூட இல்லை. தெருவில் நின்றபடி முன்பக்கத்து அகலத்தை அளந்துவிட்டு, “கிரவுண்டு என்ன சொல்றீங்க?” என்று கேட்கிறார். கட்டடத்துக்கு அவர் போடும் விலை பூஜ்யம். சில சமயம் அதற்கும் கீழே, இடிக்கிற கூலியைக் கழித்துக்கொள்கிறார். நாலு குடித்தனம் மாதாமாதம் வாடகை தருகிறதே என்று சொன்னால், அவர்கள் எப்போது காலி செய்வார்கள் என்பதுதான் எதிர்க் கேள்வி. வாடகைக்காகவே வைத்திருந்த சொத்து, விற்கிற நாளில் வெறும் மனையாகிவிடுகிறது.

இனி வரி. இந்த வீடு 2001க்கு முன்பே கைக்கு வந்தது என்றால், 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. 20 லட்சம் என்று கொள்வோம். 2024 ஜூலை 23க்குப் பிறகு நடக்கும் விற்பனைக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், பணவீக்கக் குறியீட்டுச் சலுகை கிடையாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு, இந்தியாவில் குடியிருக்கும் தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் பழைய முறையில், குறியீட்டோடு 20 சதவீதம் என்றும் கணக்குப் போட்டுப் பார்த்து, குறைவானதைக் கட்டலாம். 2025-26 நிதியாண்டுக்கான குறியீடு 376. பழைய முறையில் அடக்கம் 75.2 லட்சம், ஆதாயம் 124.8 லட்சம், வரி ஏறக்குறைய 25 லட்சம். புது முறையில் ஆதாயம் 180 லட்சம், வரி 22.5 லட்சம். குறியீட்டை எடுத்துவிட்டார்களே என்று 2024-ல் கூக்குரலிட்டவர்களில் பலருக்குப் புது முறைதான் லாபம் என்பது வேடிக்கை. அந்த ஆண்டின் குறியீட்டுப்படி, விற்பனை விலை 2001 மதிப்பைப்போல் 8.36 மடங்குக்கு மேல் போனால் புது முறை, அதற்குள் நின்றால் பழைய முறை. மாம்பலம் மனைகள் பல அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கும். புறநகரில் விலை ஏறாமல் கிடக்கிற பிளாட் தாண்டியிருக்காது.

சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்தால் 22.5 என்பது 27 லட்சத்தை ஒட்டி வரும். தரகு ஒரு சதவீதம், 2 லட்சம். கையில் நிற்பது 171 லட்சம். இதை வைத்து வேறிடத்தில் வாங்கப் போனால் பத்திரச் செலவு காத்திருக்கிறது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 2017-ல் வழிகாட்டி மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 ஆக்கினார்கள். 2023-ல் மதிப்பைப் பழைய இடத்துக்கே ஏற்றிக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். இரண்டு முறையும் சலுகை என்றுதான் அறிவித்தார்கள். கட்டி முடியாத புது பிளாட்டாக வாங்கினால் முத்திரை கொஞ்சம் குறையும், ஜி.எஸ்.டி. 5 சதவீதம் வந்து அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். தரகோடு 10 சதவீதம் என்று வைத்தால், 171 லட்சத்துக்கு 155.5 லட்சம் பெறுமான சொத்துதான் வாங்க முடியும்.

கோவையில் 3 சதவீதம் வாடகை வரும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 4,66,000. மாம்பலத்தில் வந்ததைவிட 34,000 ரூபாய் கூடுதல், மாதம் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்காகக் கரைந்த சொத்து 44.5 லட்சம். அந்தக் கூடுதல் வாடகையால் இந்தக் கரைசலை மீட்க நூறு வருடம் போதாது.

யாரும் வரி கட்டி மாற மாட்டார்கள், பிரிவு 54 எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆடிட்டர்கள் வாயில் இன்னும் பழைய எண்தான், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். குடியிருப்பு வீட்டை விற்ற ஆதாயத்தைப் போட்டு, விற்பதற்கு ஒரு வருடம் முன்போ விற்ற இரண்டு வருடத்துக்குள்ளோ ஒரு வீடு வாங்கினால், அல்லது மூன்று வருடத்துக்குள் கட்டினால், அந்த ஆதாயத்துக்கு வரி இல்லை. உச்சவரம்பு 10 கோடி. ஆதாயம் 2 கோடிக்குள் இருந்தால் வாழ்நாளில் ஒரே ஒரு முறை இரண்டு வீடாகவும் வாங்கலாம். நம் மாம்பலத்துக்காரரின் ஆதாயம் 1.8 கோடி என்பதால் அவருக்கு இந்த வழி திறந்திருக்கிறது. தரகு போக 198 லட்சத்தில் செலவு நீங்கலாகத் தலா 90 லட்சத்தில் இரண்டு பிளாட். வாடகை 5,40,000. கூடுதல் 1,08,000, கரைந்தது 20 லட்சம். மீள்வதற்குப் பதினெட்டு வருடத்துக்கு மேல். அறுபது வயதுக்காரருக்கு இதுவும் நீண்ட காலம்தான், ஆனால் பேசக்கூடிய கணக்கு.

அந்த ஒரு முறை ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தால், அல்லது அரை கிரவுண்டு முழு கிரவுண்டாக இருந்து ஆதாயம் 2 கோடியைத் தாண்டினால் என்ன செய்வது? ஒரே வீடுதான் வாங்க வேண்டும். அங்கேதான் சிக்கல். வீடு பெரிதாகப் பெரிதாக விலைக்கேற்ற வாடகை வருவதில்லை. 1.8 கோடி வீட்டுக்கு உரிய வாடகையைத் தரக்கூடிய குடும்பம், அதோடு கொஞ்சம் சேர்த்து வங்கித் தவணை கட்டிச் சொந்தமாகவே வாங்கிவிடும். நல்ல வாடகை விகிதம் கிடைப்பது சின்ன வீடுகளில்: ஒற்றைப் படுக்கையறை, பேச்சிலர்கள் சேர்ந்து தங்குகிற இடம், போர்ஷன். நாலு போர்ஷனை நாலு சின்ன பிளாட்டாக மாற்றினால் வாடகை கூடும், வரி விழும். ஒரு பெரிய வீடாக மாற்றினால் வரி விழாது, வாடகை மாம்பலத்து அளவிலேயே நிற்கும். இந்தச் சலுகையை எழுதியவர்கள் குடியிருக்கும் வீட்டை மாற்றுகிற குடும்பத்தை மனதில் வைத்து எழுதினார்கள். வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர் அவர்கள் கண்ணில் இல்லை.

ஒரு காலத்தில் இதில் ஒரு சந்து இருந்தது. மனையைக் கட்டுநரிடம் கொடுத்துப் பதிலுக்குப் பல பிளாட் வாங்கியவர்களுக்கும் சலுகை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் உட்படச் சில நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லின. 2014-ல் சட்டத்தைத் திருத்தி ஒரே வீடு, அதுவும் இந்தியாவுக்குள் என்று அடைத்துவிட்டார்கள். கடையையோ காலி மனையையோ விற்று வீடு வாங்குகிறவருக்கான பிரிவு 54எஃப் இன்னும் கறார்: விற்கிற நாளில் ஒன்றுக்கு மேல் குடியிருப்பு வீடு கையில் இருந்தால் சலுகையே இல்லை. பல வாடகை வீடுகள் வைத்திருப்பவர் அந்த வாசலுக்கே போக முடியாது.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 1031-ஆம் பிரிவு முதலீட்டுச் சொத்துக்காகவே இருக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. வாடகை வீட்டை விற்று 45 நாளுக்குள் மாற்றுச் சொத்தை அடையாளம் காட்டி, 180 நாளுக்குள் வாங்கி முடித்தால் வரி தள்ளிப்போகிறது. ஒன்றை விற்று மூன்று வாங்கலாம், மூன்றை விற்று ஒன்று வாங்கலாம். பணம் மட்டும் விற்றவர் கையைத் தொடக்கூடாது, இடைநிலையாளரிடம் இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் வீடு வைத்திருப்பவர் டெக்சாஸுக்கு மொத்தமாகப் பெயர்வது அங்கே சாதாரணமாக நடக்கிறது. அங்கிருக்கும் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் போனில், “எல்லாத்தையும் மாத்திடுங்கப்பா, சிம்பிள்” என்று சொல்வதில் உள்ள பிழை இதுதான்.

வரியை விட்டுக் குடித்தனக்காரர்களிடம் வருவோம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வழக்கம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்கிறது. வழக்கம் முழுதாக மாறவில்லை. நாலு போர்ஷனுக்குப் பத்து மாத அட்வான்ஸ் 3,60,000 ரூபாய். அது வங்கியில் தனியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். போகிற குடித்தனத்துக்குத் தர வேண்டியதை வருகிற குடித்தனத்திடம் வாங்கித் தருவதே பல வருட ஏற்பாடு. விற்கும்போது வருகிற குடித்தனம் இல்லை, நாலு பேருக்கும் ஒரே மாதத்தில் எண்ணி வைக்க வேண்டும். பலர் விற்பனை ஒப்பந்தத்தின் முன்பணத்தை வாங்கித்தான் இதைத் தீர்க்கிறார்கள். அந்த முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் விழ இடமுண்டு. மொத்த விலையில் ஒரு பகுதியைக் கறுப்பில் தருகிறேன் என்கிற ஆள் எப்போதும் இருக்கிறார். வேறிடத்தில் வாங்கப் போகிறவருக்கு அந்தப் பணம் உதவாது. சலுகைக் கணக்கில் காட்ட முடியாது. வங்கிக் கடனோடு சேர்க்க முடியாது.

எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் இருபது வருடமாகக் குடியிருப்பவர் இருந்தால் அது தனிக் கதை. புதுச் சட்டப்படி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளத் தவறியதே வெளியேற்றக் கேட்பதற்கு ஒரு காரணம். ஆனால் வாடகை நீதிமன்றம் போய்வரும் காலத்துக்கு எந்த வாங்குபவரும் காத்திருப்பதில்லை. ஆகவே நடைமுறையில் ஏதாவது கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். இதையும் கரைசலில் சேர்க்க வேண்டும்.

போய்ச் சேருகிற இடத்தைப் பற்றித் தரகர் சொல்வதெல்லாம் பொய்யில்லை. 118.9 கிலோமீட்டருக்குப் போடப்படும் மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை ஒரு வழித்தடம் ஓ.எம்.ஆரிலேயே வருகிறது. கோவையில் அவிநாசி சாலை மேம்பாலம் 2025-ல் திறந்தாயிற்று. ஆனால் இந்த இடங்களில் வாடகை தருபவர் யார் என்று பார்க்க வேண்டும். மாம்பலத்துப் போர்ஷனில் இருப்பவர் ரங்கநாதன் தெருக் கடை ஊழியர், பள்ளிக்கூட ஆசிரியை, சமையல் கான்ட்ராக்டர், ஓய்வூதியத் தம்பதி. ஒருவர் தொழில் படுத்தாலும் மற்ற மூவர் தருவார்கள். ஓ.எம்.ஆரில் நாலு பிளாட் வாங்கினால் நாலிலும் ஐ.டி. ஊழியர்தான். 2020-ல் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது அவர்கள் சேர்ந்தாற்போல் ஊருக்குப் போனார்கள். பிளாட்டுக்குச் சங்கப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. காலியாக இருந்தாலும் கட்ட வேண்டும். போர்ஷன் வீட்டில் அப்படி ஒரு பில் கிடையாது.

தண்ணீரும் இருக்கிறது. 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மீண்டும் வேளச்சேரி, பள்ளிக்கரணை. 2025-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதுக் கட்டடங்களுக்கு அனுமதி தர வேண்டாம் என்று சி.எம்.டி.ஏ.வுக்குச் சொன்னதும் அந்த வட்டாரத்தில் மனை வைத்திருந்தவர்கள் வரைபடத்தைக் கையில் எடுத்தார்கள். விலை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும்.

தூரத்துக்கு விலை போடுவது கடினம், ஆனால் அதற்கும் விலை உண்டு. பக்கத்துத் தெருவில் குடியிருந்தபடி ஐந்தாம் தேதி வாடகை வாங்கி, பிளம்பரை ஒரு போனில் அனுப்பிவைக்கிற வீட்டுக்காரர், தன் உழைப்பைக் கணக்கில் எழுதுவதே இல்லை. கோவைக்கு மாறிய பிறகு அதே வேலைக்கு ஆள் வைக்க வேண்டும். குடித்தனம் மாறும்போதெல்லாம் தரகருக்கு ஒரு மாத வாடகை. 3 சதவீதம் 2.6 ஆவதற்கு இவ்வளவே போதும்.

அப்படியானால் அசையாமல் இருப்பதா? என் கணக்கில், பெரும்பாலான போர்ஷன் வீட்டுக்காரர்களுக்கு நல்ல வழி விற்பதற்கு முன்னாலேயே இருக்கிறது. நாலு போர்ஷனுக்கும் பொதுவாக வெளியே இருக்கிற குளியலறையை உள்ளே கொண்டுவந்து, சமையல் மேடை மாற்றி, மின்கம்பிகளைப் புதுப்பித்தால் வாடகை போர்ஷனுக்கு மூவாயிரம் கூடினாலும் வருடத்துக்கு 1,44,000. பத்து, பன்னிரண்டு லட்சம் செலவில் இது முடிந்தால், 20 லட்சம் கரைத்துக் கோவையில் பெற்ற 1,08,000-ஐவிட மேல். பத்திரம் கிடையாது, வரி கிடையாது, மனையும் கையை விட்டுப் போகவில்லை. இதைச் சொல்லத் தரகருக்கு எந்த ஆதாயமும் இல்லை, ஆகவே யாரும் சொல்வதில்லை.

கட்டுநரோடு கூட்டாகக் கட்டுவது இன்னொரு வழி. தள பரப்புக் குறியீடு 2019 விதிகளில் 1.5-லிருந்து 2 ஆனதால் முன்னைவிட இதில் கூடுதல் பரப்பு கிடைக்கிறது. கட்டி முடித்த சான்று வரும் வருடத்தில்தான் வரி விழும் என்று 2017-லேயே தனிநபர்களுக்கு வசதி செய்துவிட்டார்கள். ஆனால் அரை கிரவுண்டில் 2,400 சதுர அடி கட்டிப் பாதியைக் கொடுத்தால், வீட்டுக்காரருக்கு 600 சதுர அடியில் இரண்டு பிளாட்தான் மிஞ்சும். நாலு வாடகை இரண்டாகும். பக்கத்து மனைக்காரரும் சேர்ந்தால்தான் இது சரிப்படும்.

போர்ஷன் வீட்டோடு பழைய பிளாட்டுகளும் வைத்திருப்பவர் எதை முதலில் விற்பது என்ற கேள்விக்கு விடை எளிது. பிளாட்டில் நமக்குள்ள மனைப் பங்கை, அதாவது யு.டி.எஸ்-ஐ, அந்தத் தெரு மனை விலையால் பெருக்கி, பிளாட்டின் விலையோடு ஒப்பிட வேண்டும். நங்கநல்லூரில் மூன்று மாடிப் பழைய கட்டடத்தில் பிளாட்டின் விலையில் பெரும்பகுதி மனையே. அதைத் தொட வேண்டாம். அங்கே மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. 1994 சட்டத்தில் ஒருவர் மறுத்தாலும் நின்றுவிடும். பல மாடிக் கோபுரத்தில் ஒரு சின்னத் துண்டு யு.டி.எஸ். உள்ள பிளாட்டோ, வயதாக ஆக விலை இறங்கும் கட்டடம். விற்றாக வேண்டுமென்றால் அதுதான் முதலில் போக வேண்டும். ஒரு பிளாட்டுக்கு ஒரு பிளாட் என்று மாற்றும்போது பிரிவு 54-உம் தடை சொல்வதில்லை. வேறு வீடு வாங்க மனமில்லையென்றால் ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை 54ஈசி பத்திரங்களில் போடலாம். வட்டி 5.25 சதவீதம், ஐந்து வருடம் எடுக்க முடியாது. அந்த ஐம்பது லட்சம் தரும் 2,62,500 ரூபாய், 2 கோடி மாம்பலம் வீட்டு வாடகையில் பாதிக்கு மேல் என்பதைக் கவனிக்கவும்.

இவ்வளவுக்குப் பிறகும் விற்கச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. அது வாடகையோடு சம்பந்தப்பட்டதல்ல. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், யாரும் திரும்பி வரப்போவதில்லை என்றால், என்றாவது அவர்கள் விற்கத்தான் போகிறார்கள். இந்தியாவில் வாரிசுக்கு வந்த சொத்துக்குப் பெற்றோரின் அடக்க விலையே தொடர்கிறது. இறந்த நாளின் மதிப்புக்கு அது உயர்வதில்லை. வெளிநாட்டில் குடியிருப்பவருக்குக் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய வழி கிடையாது. உள்ளூர்க்காரர் 50 லட்சமும் அதற்கு மேலும் பெறும் சொத்தை விற்றால் வாங்குபவர் பிடிப்பது ஒரு சதவீதம். வெளிநாட்டு வாரிசு விற்றால், வரி அலுவலரிடம் குறைந்த பிடித்தச் சான்று வாங்காதவரை, வாங்குபவர்கள் மொத்த விலையின் மீதே ஆதாய வரி விகிதத்தில் பிடித்து வைத்துவிடுகிறார்கள். அதற்கும் முன்னால் வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், மூன்று நாட்டிலிருந்து மூன்று பேரின் அதிகார ஆவணம் என்று வருடங்கள் ஓடும். தாய்ப்பத்திரம் எந்த பீரோவில் இருக்கிறது, 1980-களில் தங்கை எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் பதிவானதா என்பதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் இன்று ஐந்தாம் தேதி வாடகை வாங்குகிறவர்தான். அவர் இருக்கும்போதே விற்றால் கிடைக்கும் விலைக்கும், இல்லாதபோது விற்றால் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம், மேலே போட்ட எந்தக் கரைசலையும்விடப் பெரிதாக இருக்கக்கூடும். பிள்ளைகளில் ஒருவராவது சென்னையிலேயே இருந்து பார்த்துக்கொள்வார் என்றால், விற்பனைக்கு 9 சதவீதம் கொடுப்பதைவிட அவர் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதுவது எவ்வளவோ மலிவு. குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. எழுதுகிறவர் தன் ஆயுள் வரை வாடகையை அனுபவிக்கும் உரிமையைத் தனக்கென வைத்துக்கொண்டும் அதை எழுதலாம்.